போனின் முதுகில் கொழுந்து நிறம்

லண்டனிலிருந்து இயங்கும் நத்திங் நிறுவனம் 2024இல் தன் ரசிகர்களுக்கு ஒரு போட்டி வைத்தது. போன் (2ஏ) வரிசைக்கு ஒரு சிறப்புப் பதிப்பை நீங்களே வடிவமைத்துக் கொடுங்கள், வென்றதைத் தயாரித்து விற்கிறோம் என்றார்கள். வெளித்தோற்றம், வால்பேப்பர், பெட்டி, விளம்பரம் என்று நான்கு கட்டங்கள். குன்னூரில் டீ பாக்கெட் வடிவமைத்துப் பிழைக்கிறவன் நான். பெட்டிதான் எனக்குத் தெரிந்த தொழில். ஆனால் ஆசை வெளித்தோற்றத்தின் மேல்தான் போனது. 900க்கு மேல் வந்த படைப்புகளில் என்னுடையது தேர்வாகவில்லை. வேலை என்னவோ வீண் போகவில்லை. அடுத்த முறை இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பென்சிலை எடுக்கும் முன் எதைத் தொட முடியாது என்று பாருங்கள். போனின் உருவம், கேமரா இருக்கும் இடம், பட்டன், பின்புறம் ஒளிரும் விளக்குக் கோடுகள் எல்லாம் முடிவானவை. அச்சு ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. சிறப்புப் பதிப்பாக வரும் வெறும் 1000 போனுக்காக யாரும் புது அச்சு வெட்டமாட்டார்கள். மிஞ்சுவது நிறம், பொருள், மேற்பூச்சு மூன்றும்தான். மடக்குகிற போன், மரத்தில் செதுக்கிய போன் என்று கற்பனையை ஓடவிடலாம். பார்க்க அழகாகவும் இருக்கும். தொழிற்சாலை வாசலில் அது நின்றுவிடும்.

நீலகிரிக்காரன் போன் வடிவமைக்கிறான் என்றதும் நண்பர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: தோடர் எம்பிராய்டரி. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் ஓடும் அந்தத் தையல் போனில் எடுப்பாகத்தான் இருக்கும். நான் அந்தப் பக்கமே போகவில்லை. தோடர் பெண்கள் துணியில் கோடு கிழித்துக்கொண்டு தைப்பதில்லை. இழைகளை எண்ணி எண்ணி ஊசியைச் செலுத்துகிறார்கள். எண்ணுவதை விட்டுவிட்டு உருவத்தை மட்டும் பிளாஸ்டிக்கில் அச்சடித்தால் அது வெறும் டிசைன். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர் நலவாழ்வுச் சங்கம், கோத்தகிரி கீஸ்டோன் அறக்கட்டளை, பூம்புகார் மூன்றும் சேர்ந்து வாங்கித் தந்தது. இதுபோன்ற போட்டிகளில் ‘இது என் சொந்தப் படைப்பு’ என்று ஒப்புதல் கேட்பது வழக்கம். வென்றால் உரிமையும் கைமாறும். தோடர் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வைத்திருப்பதை நான் எந்த உரிமையில் எழுதிக் கொடுப்பது? உங்கள் ஊரில் கோலமோ, கண்டாங்கிக் கட்டமோ எதுவானாலும் இந்தக் கேள்வியை முதலில் கேட்டுவிடுங்கள்.

நீலக்குறிஞ்சியும் வேண்டாம் என்று விட்டேன். 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கிறது, ஆனால் சுற்றுலாச் சுவரொட்டியில் தினம் பூக்கிறது. மலை ரயிலின் பல்தண்டவாளத்தை விளிம்பில் பதிக்கலாமா என்று ஒரு மாலை முழுக்க யோசித்ததும் உண்டு. சட்டைப் பை கிழியும்.

யோசனை கிடைத்தது டீ ஃபேக்டரியில். பாக்கெட் வேலைக்காக அடிக்கடி போகிற இடம். பச்சைக் கொழுந்து வாடி, ரோலரில் கசங்கி, விரித்துப் போட்ட இடத்தில் செம்பு நிறமாகும். டிரையரிலிருந்து கறுப்பாக வெளிவரும். ரோலரில் இலையின் செல்கள் உடைவதால் உள்ளிருக்கும் நொதி காற்றோடு சேர்ந்து வேலையைத் தொடங்குகிறது. டிரையரின் சூடுதான் அதை நிறுத்துகிறது. எப்போது நிறுத்த வேண்டும் என்று அங்கிருந்த டீ மேக்கரிடம் கேட்டேன்.

“எத்தனை நிமிஷம்ண்ணா விடணும்?”

“மணி பார்த்தா வராது தம்பி. மூக்குதான் சொல்லும். மழை நாள்ல ஒரு மாதிரி, வெயில் நாள்ல ஒரு மாதிரி.”

பச்சையில் தொடங்கிச் செம்பு வழியாகக் கறுப்பில் முடியும் ஒரு போன் முதுகு. படம் இல்லை, பூ இல்லை, ‘ஊட்டி’ என்ற எழுத்தும் இல்லை. யாராவது கேட்டால் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: கொழுந்து டீயாகும் நேரம். அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் எவ்வளவு அழகாக வரைந்தாலும் நடுவருக்கு நினைவில் நிற்காது. வென்ற வடிவத்தைப் பாருங்கள். இருட்டில் தானாக ஒளிரும் பச்சைப் பூச்சு. பகல் வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இரவில் விடுகிறது, பேட்டரியைத் தொடுவதில்லை. விளக்குகளுக்காகவே பெயர் பெற்ற போனுக்கு மின்சாரம் கேட்காத இன்னொரு விளக்கு. அந்தப் பச்சையைப் பார்த்து எனக்கு வந்த பொறாமை சாதாரணப் பொறாமை இல்லை.

செம்பு என்றதும் கை தானாக உலோகப் பொடிக்குப் போகும். அங்கே நிற்க வேண்டும். போனின் ஆன்டெனாக்கள் உள்ளே இருக்கின்றன. உலோகப் பொடி அடர்த்தியாகக் கலந்த பூச்சு சிக்னலைத் தடுக்கும். அதற்கு மாற்று மைக்கா நிறமி. அபிரகத் துகளின் மேல் இரும்பு ஆக்சைடைப் படலமாக ஏற்றினால் செம்பு மினுமினுப்பு வந்துவிடும், மின்சாரம் கடத்தாது. டீ பாக்கெட்டில் பொன் எழுத்துக்கு இந்த மை எனக்குப் பழக்கம்தான். உங்கள் குறிப்பில் இப்படி ஒரு வரி இருந்தால், படிக்கும் பொறியாளர் இந்த ஆள் விசாரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று புரிந்துகொள்வார்.

நிறத்தைத் திரையில் முடிவு செய்யாதீர்கள். பழைய போன் கவரில் அடித்துப் பார்த்து அதைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுங்கள். நான் சிம்ஸ் பூங்கா வெயிலில் பார்த்தபோது செம்பு ஜொலித்தது. மஞ்சு இறங்கிய பிற்பகலில் அதே கவர் சேற்று நிறத்தில் செத்துக் கிடந்தது. மினுமினுப்புக்கு ஒரு திசையிலிருந்து வரும் வெளிச்சம் வேண்டும். மஞ்சில் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் சமமாக வருகிறது. அதனால் மினுக்கைக் குறைத்து, கசங்கிய இலைபோல விரலுக்குத் தட்டுப்படும் மெல்லிய சொரசொரப்பைச் சேர்த்தேன். குளிரில் கை விறைத்தாலும் பிடி நழுவாது. நீங்கள் மதுரையில் இருந்தால் வியர்த்த கையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்கு வருகிறேன். அந்தக் கட்டத்தில் நம் போனுக்குப் பெட்டி செய்வதில்லை, முதல் கட்டத்தில் வென்றவருடைய போனுக்குச் செய்கிறோம். தோற்ற கையோடு அதற்கு உட்காரக் கொஞ்சம் மனசு வேண்டும். நீலகிரியில் ஒரு வசதி உண்டு: 2000ஆம் ஆண்டு வாக்கில் சுப்ரியா சாஹு ஆட்சியராக இருந்தபோது தொடங்கிய பிளாஸ்டிக் தடையால், பிளாஸ்டிக் உறை இல்லாமல் பொருள் கட்டுவது இங்கே தொழில் பழக்கமாகிவிட்டது. தமிழ்நாடு முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது 2019இல்தான். ஐபோன் 13 பெட்டியிலிருந்து ஆப்பிள் பிளாஸ்டிக் உறையை எடுத்தது 2021இல்.

காகிதப் பெட்டியின் எதிரி ஈரம். ஜூலை மழையில் குன்னூரில் வைத்த அட்டை உப்பி, மூடி இறுகிவிடும். அட்டைக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டு; நாருக்குக் குறுக்கேதான் அது அதிகம் விரியும். மூடியிலும் அடிப்பெட்டியிலும் நார் ஒரே திசையில் ஓடும்படி வெட்டச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து விரியும், சேர்ந்து சுருங்கும். மாதிரிப் பெட்டியை ஓர் இரவு மழைச்சாரல் படும் ஜன்னலோரம் வைத்துவிட்டுக் காலையில் திறந்து பார்ப்பது என் வழக்கம்.

2025இல் போன் (3ஏ)வுக்குப் போட்டி நடந்தபோது பெட்டிப் பிரிவு இல்லை. அந்த இடத்தில் துணைப்பொருள் பிரிவு வந்திருந்தது. அந்த முறையும் தயாரித்தது 1000 போன்தான். பிரிவுகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன, அறிவிப்பை முழுக்கப் படித்துவிட்டு உட்காருங்கள். செம்பு பூசிய கவர் இப்போது என் போனில்தான் இருக்கிறது. மூலைகளில் பூச்சு தேய்ந்து வருகிறது. அடுத்த முறை அந்த இடங்களில் மேல்பூச்சைத் தடிமனாகக் கேட்க வேண்டும்.