லாரி மேல் ஏறிய ரயில் எஞ்சின் உருளை

1916ஆம் ஆண்டு டப்ளின் நகரில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். லாரியின் முதுகில் பெரிய இரும்பு உருளை ஒன்று படுத்திருக்கிறது. அதன் விலாவில் வரிசையாகக் கறுப்புக் கட்டங்கள். இதை எழுதுபவர் காகிதத்தில் கட்டுவதற்கு இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்ததே அந்தக் கட்டங்களுக்காகத்தான்.

அந்த ஆண்டு ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள். ஐரிஷ் குடியரசுப் போராளிகள் டப்ளினின் தலைமை அஞ்சலகத்தையும் வேறு பல கட்டடங்களையும் பிடித்துக்கொண்டார்கள். மாடி ஜன்னல்களிலிருந்து குண்டுகள் பறந்த தெருக்களைக் கடக்க பிரிட்டிஷ் படைக்குக் கவசம் தேவைப்பட்டது. கின்னஸ் பீர் ஆலையின் டெய்ம்லர் லாரிகளைப் பெற்று, இஞ்சிக்கோர் ரயில் பட்டறையில் எஞ்சின்களின் புகைப்பெட்டிகளை அவற்றின் மேல் ஏற்றினார்கள். பாய்லரின் முன்கோடியில், புகைபோக்கிக்கு நேர் கீழே இருக்கும் உருளைக்குத்தான் புகைப்பெட்டி என்று பெயர். துப்பாக்கி நீட்ட அதில் துளைகளை வெட்டினார்கள். அவற்றுக்கு இடையே கறுப்புப் பெயின்ட்டால் பொய்த் துளைகளையும் வரைந்து வைத்தார்கள். குறிபார்ப்பவனுக்கு எது நிஜத் துளை என்று தெரியக் கூடாதல்லவா?

காகித மாதிரி செய்பவர்களின் அன்றாட வேலையும் இதேதான்: ஆழம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு மையை அச்சிட்டுக் கண்ணை நம்பவைப்பது. மற்ற வண்டிகளில் அது ஒரு சமரசம். இந்த வண்டியில் அதுவே வரலாறு. வண்டியைக் கட்டியவர்களே கறுப்புக் கட்டம் வரைந்திருக்கிறார்கள்.

முதல் முயற்சியில் இதை எழுதுபவருக்கு இது புரியவில்லை. எல்லாக் கட்டங்களையும் கத்தியால் வெட்டித் திறந்துவிட்டார். தாளைச் சுருட்டியதும் துளைகளுக்கு இடைப்பட்ட பகுதி வலுவிழந்து மடங்கியது. உருளை பலகோணமாயிற்று, இரண்டு மாலை வேலை குப்பைக்குப் போனது. அடுத்த முறை ஒன்று விட்டு ஒன்றை மட்டும் வெட்டினார். சுருட்டுவதற்கு முன்பே தாளின் உட்புறம் முழுவதும் கறுப்பு அடித்துக்கொண்டார். இல்லாவிட்டால் துளை வழியே உள்ளிருக்கும் வெள்ளை எட்டிப்பார்க்கும். கையெட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தால் எது வெட்டியது, எது வரைந்தது என்று சட்டென்று சொல்ல முடியவில்லை. அன்றைய பட்டறைத் தொழிலாளிகள் என்ன நினைத்துச் செய்தார்களோ, அது மேஜை மீதும் பலித்தது.

உருளையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1:25 அளவில், விட்டம் 60 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு 188.5 மி.மீ. வரும். அந்த நீளத்துக்குத் தாளை வெட்டி, 60 மி.மீ. அட்டைத் தட்டுகளின் மேல் சுற்றினால் ஓரங்கள் முக்கால் மி.மீ. எட்டாமல் நிற்கும். தாளுக்கும் கால் மி.மீ. அளவுக்குக் கனம் உண்டு என்பதை மறந்ததன் விளைவு. தட்டின் விட்டத்தைக் கால் மி.மீ. குறைத்ததும் விளிம்புகள் நேராக வந்து சேர்ந்தன. ஒரு விளிம்பின் மேல் இன்னொன்றை ஏற்றி ஒட்டக் கூடாது. இரண்டையும் முட்டவைத்து, உட்புறம் ஒரு துண்டுத் தாளால் பிடித்துக்கொள்ள வேண்டும். இணைப்பு வண்டியின் அடிவயிற்றில் அமைந்தால் வெளியே தெரியாது.

மரத்துக்கு இருப்பது போல் தாளுக்கும் நார்ப்போக்கு உண்டு. இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் எளிதில் இணங்குகிறது என்று விரல் சொல்லிவிடும். நார் உருளையின் நீளவாக்கில் ஓட வேண்டும். மாற்றி வெட்டினால் எத்தனை முறை பேனாவில் சுருட்டிப் பழக்கினாலும் சுருக்கம் விழும்.

வரைபடத்தை அச்சிடுகையில் இன்னொரு சங்கடம். கடையில் ‘பக்கத்துக்குள் அடக்கு’ என்ற அமைப்பில் ஒரு தாளை எடுத்துத் தந்திருந்தார்கள். அந்தத் தாள் மட்டும் நூற்றுக்குத் தொண்ணூற்றேழாகச் சுருங்கிவிட்டது. சக்கர அச்சுகள் சட்டத்தில் உட்காராத பிறகே அது தெரிந்தது. அதற்குப் பின் ஒவ்வொரு தாளின் மூலையிலும் 100 மி.மீ. கோடு ஒன்றை வரைந்து, அச்சானதும் ஸ்கேல் வைத்து அளந்த பிறகே கத்தியை எடுக்கிறார்.

ரிவெட்டுகளுக்கு மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா போதும். தாளின் பின்புறம் அழுத்தினால் முன்புறம் புடைக்கும். இதையும் சுருட்டும் முன்பே செய்துவிட வேண்டும். வெட்டிய விளிம்புகளில் தெரியும் வெள்ளையைக் கலர் பென்சிலால் மறைக்கலாம். வெள்ளைப் பசையைக் குச்சி நுனியால் மெல்லப் பூசுங்கள். அதிகமானால் ஈரத்தில் தாள் நெளியும். சக்கரங்களுக்கு அட்டையை அடுக்கி ஒட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தால் அக்காலத்துக் கட்டி ரப்பர் டயரின் தோற்றம் தானாக வரும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: இந்த வண்டியை அழகுபடுத்தாதீர்கள். பொருந்தாத தகடும் கோணல் விளிம்பும் அவசரத்தில் பிறந்தவை. ஈஸ்டர் திங்களில் தொடங்கிய அந்த ஒரு வாரச் சண்டையில் உயிரிழந்தவர்களில் பாதிக்கும் மேல் ஆயுதம் ஏந்தாத பொதுமக்கள். அதை மறந்து பளபளப்பான பொம்மையாக்குவது சரியல்ல என்பது இதை எழுதுபவரின் உறுதியான எண்ணம். அவருடைய மாதிரி மங்கிய சாம்பல் நிறத்தில் நிற்கிறது.

சுருட்டும் வேலைக்குத் தயங்குபவர்களுக்கும் வழி இருக்கிறது. அதே வாரம் டப்ளினில் உருளை இல்லாமல், தட்டைத் தகடுகளால் கட்டிய கவச லாரியும் ஓடியது. முதல் மாதிரிக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள்.