கட்டம் ஒன்றே, ஷேடு வேறு

நமது பகுதியில் மளிகைக் கடைக்காரர்களும் பத்துக் கைலி, பத்துத் துண்டு அடுக்கி வைத்து விற்பது வழக்கம். மணப்பாறை சந்தை நாளில் அவை நன்றாகவே போகும். இந்தச் சரக்கில் அடிக்கடி வரும் தகராறு ஒன்று உண்டு. "போன மாசம் வாங்கின அதே கட்டம் கேட்டேன், வேற கொடுத்துட்டீங்களே" என்று வாடிக்கையாளர் திரும்பி வருவார். விரித்துப் பார்த்தால் கட்டம் அதேதான். ஷேடுதான் மாறியிருக்கும்.

கட்டம் என்பது இழைக் கணக்கு. பாவில் இத்தனை இழை நீலம், இத்தனை இழை சிவப்பு என்று வைத்து, ஊடையிலும் கணக்குப்படி நெய்கிறார்கள். அது மாறாது. சாயம் அப்படியல்ல. சாயத்தின் அளவு, தண்ணீர், சூடு, ஊறும் நேரம் இவற்றில் ஒன்று பிசகினாலும் அடுத்த லாட் சற்று அழுத்தமாகவோ வெளிறியோ வரும். சாயப்பட்டறைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று உடனே சொல்லிவிட முடியாது.

கட்டத் துணிக்குப் பேர்போன நாடு ஸ்காட்லாந்து. அங்கே டார்டன் என்ற கம்பளித் துணியைக் குலப்பெயர்களைச் சொல்லி விற்கிறார்கள். ஒரே கட்டம் பல ஷேடுகளில் வரும். அதை மறைக்காமல் ஷேடுக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். அழுத்தமான நிறம் 'மாடர்ன்'. பழைய தாவரச் சாயம் போன்ற வெளிர் நிறம் 'ஏன்சியன்ட்'. வெயிலிலும் மழையிலும் கிடந்து மங்கியது போன்றது 'வெதர்டு'. 'ஏன்சியன்ட்' என்றால் பழங்காலக் கட்டம் என்று பொருளல்ல. நேற்று உருவாக்கிய கட்டத்தையும் அந்த ஷேடில் நெய்யலாம். வாங்குபவர் கட்டத்தின் பெயரோடு ஷேடின் பெயரையும் சொல்லிக் கேட்கிறார், தகராறு குறைகிறது.

சொல்லாமல் விற்றால் என்ன ஆகும் என்பதற்கு நமது மெட்ராஸ் கட்டத் துணியே சாட்சி. 1958-ல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், பின்னாளில் லீலா ஓட்டல்களைத் தொடங்கிய கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் இத்துணியை வாங்கினார். குளிர்ந்த நீரில் தனியே அலச வேண்டும் என்ற குறிப்பு வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் வாங்கியவர்கள் துவைத்தார்கள். சாயம் ஓடியது, புகார் குவிந்தது. பிறகு, 'சாயம் இறங்குவது நிச்சயம்' என்று அதையே விளம்பரமாக்கி விற்றார்கள். துவைக்கத் துவைக்கப் புது ஷேடு என்று ஜனங்கள் விரும்பி வாங்கினார்கள். நாம் இங்கே அப்படி விளம்பரம் செய்தால் சாயம் ஏறிய வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து கல்லாவில் விரிப்பார்கள்!

என் கடையிலும் ஒன்று நடந்தது. திருவிழாவுக்கு ஒரே மாதிரி 60 துண்டு கேட்டார்கள். கையிருப்பு 40. மீதி 20-ஐ அதே கட்டத்தில் வேறு லாட்டிலிருந்து வரவழைத்துக் கொடுத்தேன். கடையின் டியூப் லைட்டில் எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. பகல் ஊர்வலத்தில் இருபது பேர் தனியே தெரிந்தார்கள். பணம் முழுவதும் வந்தது. அடுத்த ஆண்டு ஆர்டர் வரவில்லை.

அதிலிருந்து, மொத்த ஆர்டர் என்றால் ஒரே லாட் இருக்கிறதா என்று கேட்ட பிறகே ஒப்புக்கொள்கிறேன். பில்லில் கட்ட நம்பரோடு லாட் நம்பரும் எழுதச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் படத்தை நம்பி ஷேடு பார்க்க வேண்டாம். போனுக்குப் போன் நிறம் மாறும். சாம்பிள் துணியை வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஈர வெள்ளைத் துணியால் ஓரத்தை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால், முதல் சலவையைத் தனியே போடும்படி விற்கும்போதே சொல்லிவிடுங்கள். பழைய லாட்டில் மிஞ்சியதைப் புதுக் கட்டோடு கலக்காமல் தனி அடுக்கில் வையுங்கள். ஒன்றிரண்டு கேட்டு வருபவர்களுக்கு அது போய்விடும்.