தெளிவாக இருந்ததால் நம்பினேன்

புத்தூரில் எங்கள் தோட்டக் கிணற்றுத் தண்ணீரை அப்பா கண்ணால் பார்த்து நம்பமாட்டார். கோடை முற்றினால், வெங்காயத் தறைக்கு இறைக்க முன் ஒரு மிடறு வாயில் விட்டுப் பார்ப்பார். தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும். ஆனால் உவர் ஏறியிருக்கும். இதைப் பார்த்து வளர்ந்த நான்தான், கலாநிதி ஆய்வில் ஒரு தெளிந்த குடுவையை நம்பி 14 மாதங்களைத் தொலைத்தேன்.

சின்னமுத்துத் தடுப்பூசி வைரஸை மாற்றியமைத்து இரத்தப் புற்றுநோய்க் கலங்களை அழிப்பதே என் ஆய்வு. பெரியம்மா புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மகரகமவுக்கும் புத்தூருக்கும் அலைந்த நாட்களில் மனதில் விழுந்த எண்ணம் அது. "வைரஸாலைதானே பிள்ளை வருத்தம் வாறது, அதாலையே மாத்தப் போறியோ?" என்று ஊரில் பலர் கேட்டார்கள். "மெடிசின் கிடைக்கேல்லை, அதுதான்" என்று காதுபடச் சொன்னவர்களும் உண்டு.

அவர்களுக்கு என் பதில் இதுதான். 1971 இல், நிணநீர்ப் புற்றுநோய் கண்டிருந்த 8 வயது உகண்டாச் சிறுவனுக்குச் சின்னமுத்து வர, கட்டி கரைந்துபோனதை மருத்துவர்கள் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். 2014 இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக், ஒரு கோடிப் பேருக்குத் தடுப்பூசி போடப் போதுமான அளவு மாற்றியமைத்த சின்னமுத்து வைரஸை ஒரே தடவையில் ஏற்றி, மைலோமா என்ற இரத்தப் புற்றுநோய் கண்ட ஒருவருக்கு நோய் அடங்கியதை அறிவித்தது. பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் உருவாக்கி, 2023 ஒக்டோபரில் இந்தியா அனுமதித்த நெக்ஸ்கார்19 என்ற இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையிலும், நோயாளியின் ரி-கலங்களுக்குள் புதிய பரம்பரையலகைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெருகமுடியாதபடி செய்யப்பட்ட ஒரு வைரஸ்தான்.

புலமைப்பரிசில், விசா, அனுமதிப் பத்திரங்கள் எல்லாம் இந்த ஆய்வுக்கு வர நினைக்கும் உங்களுக்கும் எப்படியோ சரிவரும். நான் விழுந்த இடத்தை மட்டும் கவனியுங்கள்.

வைரஸை வெரோ எனப்படும் குரங்குச் சிறுநீரகக் கலங்களில் வளர்த்து, அந்தத் திரவத்தை லியூக்கேமியா எனும் இரத்தப் புற்றுநோய்க் கலங்களில் விடவேண்டும். வெரோக் குடுவையைத் தந்த மூத்த மாணவர், "சோதித்ததுதான்" என்றார். பதிவைக் காட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூத்தவரிடம் அப்படிக் கேட்பது மரியாதையில்லை என்று வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். லியூக்கேமியாக் கலங்கள் 3 நாளில் மடிந்தன. வீட்டுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அம்மா கோயிலில் அர்ச்சனை செய்தா.

ஒரு கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "வைரஸ் இல்லாத வெரோத் திரவத்தை விட்டால் என்ன நடக்கும்?" ஒப்பீட்டுக்கு நான் புதிய வளர்ப்பூடகத்தையே விட்டிருந்தேன். அன்றிரவே செய்து பார்த்தேன். வைரஸ் இல்லாமலும் கலங்கள் செத்தன.

பி.சி.ஆர். சோதனை காட்டியது மைக்கோபிளாஸ்மாவை. கலச்சுவர் இல்லாத பற்றீரியா என்பதால் பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது. ஊடகம் கலங்காது. சாதாரண நுணுக்குக்காட்டியில் தெரியாது. அதில் சில வகைகள் ஊடகத்திலுள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைத் தின்றுவிடும். லியூக்கேமியாக் கலங்கள் பலவற்றுக்கு அது வெளியிலிருந்து கிடைத்தாகவேண்டும். என் கலங்கள் பட்டினியால் செத்ததை வைரஸின் வெற்றி என்று எழுதிவைத்திருந்தேன்.

அந்த மூத்தவர், "எல்லா ஆய்வுகூடத்திலும் நடக்கிறதுதான்" என்றார். என் 14 மாதங்களுக்கு அந்த வார்த்தை ஈடாகாது. இன்றும் அதை மன்னிக்க என்னால் முடியவில்லை.

ஆகவே, யார் தந்த குடுவையானாலும் சோதனை முடிவு வரும்வரை தனி வளர்ப்புப் பெட்டியில் வையுங்கள். பிறகும் மாதம் ஒருமுறை சோதியுங்கள். ஒப்பீட்டுத் திரவத்தில் வைரஸைத் தவிர மற்ற எல்லாம் இருக்கவேண்டும். வாய்ச்சொல்லை ஏற்காமல் திகதியிட்ட பதிவைக் கேளுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும். பிழை தெரிந்ததும் மேற்பார்வையாளரிடம் அன்றே சொல்லுங்கள். அழுதுகொண்டே என்றாலும் நான் அதைச் சொன்னது சரி.

சுத்தமான கலங்களில் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். இம்முறை மடிந்த கலங்கள் குறைவு, நாளும் கூட எடுத்தது. ஆனால் அவற்றைக் கொன்றது வைரஸ். அந்தச் சிறிய எண்தான் என் ஆய்வேட்டில் இருக்கிறது. பழைய பெரிய எண் அச்சாகியிருந்தால், பெரியம்மாவைப் போல் யாரோ ஒருவர் அதை நம்பிக் காத்திருந்திருப்பார்.