அளவியை அளத்தல்

நுழையும்முன்

கடையில் பொருளை நிறுத்துக் கொடுக்கும்போது தராசின் முள்ளை உற்றுநோக்குகிறோம். கணினித் திரையில் தோன்றும் எண்ணை அவ்வாறு நோக்குவதில்லை. மென்பொருளின் வேகத்தை அளக்கும் கருவிகள் ஒன்றோடொன்று முரண்படுமாயின் எதனை நம்புவது? பெண்ணாடத்தில் வேர்கொண்ட ஒரு சிந்தனை மரபின் துணையுடன் இவ்வினாவை அணுகுகிறது இப்பாடம்.

கடலூர் மாவட்டத்தில், விழுப்புரம் – திருச்சிராப்பள்ளி இருப்புப்பாதையில் அமைந்த ஊர் பெண்ணாடம். தேவாரப் பாடல்பெற்ற திருத்தூங்கானைமாடம் இங்குள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார் பிறந்த ஊர் இது எனச் சைவ மரபு போற்றுகிறது. அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார். அவர் தம் சிவஞான சித்தியாரில், எதை அறிந்தோம் என்பதோடு எதைக்கொண்டு அறிந்தோம் என்பதையும் ஆராய்கிறார். அறிதற்குரிய கருவியை ‘அளவை’ என்பர். காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் பிறர் கூறும் அளவைகள் அனைத்தும் அடங்கும் என்பது அவர் முடிபு.

காண்டலிலும் குற்றம் நேர்வதுண்டு. அந்தி மங்கலில் தொலைவில் நிற்பது கட்டையோ மனிதனோ எனத் தடுமாறுவது ஐயம். கிடக்கும் கயிற்றைப் பாம்பென்றே துணிவது திரிபு. ஐயமுற்றவன் தனக்குத் தெரியவில்லை என்பதையாவது அறிவான். திரிபுற்றவனோ உறுதியோடு ஓடுவான். இவ்வேறுபாட்டை நினைவில் இருத்திக் கணினிக்கு வருவோம்.

தமிழ்ச் சொற்பிழை திருத்தும் நிரல் ஒன்றை எழுதியிருக்கிறோம் எனக் கொள்வோம். அது மெதுவாக இயங்குகிறது. புணர்ச்சி பிரிக்கும் செயற்கூறே காரணம் என்று கருதி, அதனைப் பல நாள் உழைத்துச் செப்பனிடுகிறோம். வேகம் கூடவில்லை. உண்மையில், ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதிக் கோப்பைப் புதிதாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது வேறொரு செயற்கூறு. இத்தகைய வீண் உழைப்பைத் தவிர்க்கவே, நிரலின் எப்பகுதி எவ்வளவு நேரம் கொள்கிறது என்று காட்டும் ‘புரொபைலர்’ என்னும் கருவிகள் தோன்றின. அவற்றை நாம் செயல்திறன் அளவிகள் என்போம். ஃபோர்ட்ரான் நிரல்களை ஆராய்ந்த டொனால்ட் நூத், நிரலின் 4 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியே இயங்கும் நேரத்தில் பாதிக்குமேல் கொள்கிறது என்று 1971ஆம் ஆண்டிலேயே எழுதினார். அச்சிறு பகுதி எது என்பதே கேள்வி.

அளவிகள் பெரும்பாலும் இருவழிகளில் இயங்குகின்றன. முதல்வழி, ஒவ்வொரு செயற்கூற்றின் வாயிலிலும் காவலரை நிறுத்தி, வருகையையும் வெளியேற்றத்தையும் குறிப்பது. பைத்தான் மொழியோடு வரும் ‘சிபுரொபைல்’ இவ்வகையினது. எண்ணிக்கை பிழைக்காது, ஆனால், குறிப்பெழுதும் நேரமும் கணக்கில் சேர்ந்துவிடும். பல்லாயிரம் முறை அழைக்கப்படும் சிறிய செயற்கூறு, உள்ளதைவிடப் பெருஞ்சுமையாகத் தோன்றும். இரண்டாம்வழி மாதிரி எடுத்தல். சிறுசிறு இடைவெளிகளில் நிரலை எட்டிப்பார்த்து, அக்கணத்தில் எச்செயற்கூறு இயங்குகிறது என்று குறிப்பது. லினக்ஸ் இயக்க அமைப்பில் 2009ஆம் ஆண்டு இடம்பெற்ற ‘பெர்ஃப்’ இவ்வழியில் பெரிதும் பயன்படுகிறது. இதில் சுமை குறைவு. 1982இல் வெளிவந்த ‘ஜிபுரொஃப்’ இருவழிகளையும் கலந்தது. ஆயினும், ஒரு செயற்கூற்றை எவர் அழைத்தாலும் அது ஒரே அளவு நேரம் கொள்ளும் எனக் கொண்டு நேரத்தைப் பங்கிட்டது. ஒரு பக்கக் கடிதத்தையும் முந்நூறு பக்க நூலையும் பிழைதிருத்த ஒரே நேரம் ஆகும் என்பது போன்ற எடுகோள் இது!

மாதிரி எடுத்தலில் மறைந்திருக்கும் திரிபு நுட்பமானது. பெண்ணாடம் தொடருந்து நிலையத்தில் ஒருவர் அமர்ந்து, வண்டி நிற்கும்போது மட்டும் கண்திறந்து பார்த்துக் குறிப்பெழுதுகிறார் என்க. நில்லாமல் கடக்கும் விரைவு வண்டி எதுவும் அவர் ஏட்டில் இடம்பெறாது. இவ்வூர் வழியே செல்லும் வண்டிகள் எல்லாம் இங்கு நின்றே செல்கின்றன என்று அவர் சான்றுடன் வாதிடுவார். ஓராண்டு அமர்ந்து எழுதினாலும் அம்முடிவு திருந்தாது.

ஜாவா நிரல்களுக்கான அளவிகளில் இதுவே நிகழ்ந்தது. மிட்கோவிச், திவான், ஹௌஸ்வர்த், ஸ்வீனி ஆகிய ஆய்வாளர்கள், பரவலாகப் பயன்பட்ட நான்கு அளவிகளை ஒப்பிட்டு 2010இல் ஆய்வுரை வெளியிட்டனர். ஒரே நிரலில் மிகுதியான நேரம் கொள்ளும் செயற்கூறு எது என்பதிலேயே அவை அடிக்கடி முரண்பட்டன. காரணம், நிரல் பாதுகாப்பாக இடைநிற்கக்கூடிய சில புள்ளிகளில் மட்டுமே அவை மாதிரி எடுத்தன. அப்புள்ளிகள் இல்லாத பகுதி செலவிட்ட நேரம், அடுத்த புள்ளியின் கணக்கில் ஏறியது.

முரண்பாட்டைக் கண்டதோடு அவர்கள் நின்றிருந்தால், நான்கனுள் எது மெய் என்பது தெரிந்திராது. பெரும்பான்மை வாக்கெடுப்பு இங்கு உதவாது, நான்குமே பிழைபடலாம். ஆகவே, ஓர் அளவி சுட்டிய செயற்கூற்றினுள் பிபனாச்சி எண்களைக் கணக்கிடும் வேலையை வேண்டுமென்றே சேர்த்தனர். நிரல் எவ்வளவு தாமதமடைகிறதோ அவ்வளவு உயர்வு அளவியின் கணக்கிலும் தோன்ற வேண்டுமன்றோ? பல இடங்களில் அவ்வாறு பொருந்தவில்லை. இச்சோதனையே அவ்வாய்வின் சிறந்த பகுதி எனலாம். கயிறா பாம்பா எனத் தொலைவில் நின்று விவாதிக்காமல், கோலால் தட்டிப்பார்க்கும் முறை இது.

ஐயத்தைப் போக்குவது ஒப்பளவில் எளிது. பின்னணியில் ஓடும் பிற செயலிகளாலும் செயலகம் சூடேறுவதாலும் ஒவ்வோர் ஓட்டத்திலும் நேரம் மாறும். பலமுறை ஓட்டி, நடுமதிப்பையும் சிதறலையும் சேர்த்துப் பார்த்தால் அது தெளியும். திரிபுக்கு இம்மருந்து பயன்படாது. மேற்கூறிய ஆய்வாளர்களே 2009இல் காட்டிய செய்தி இன்னும் வியப்பூட்டுவது: இயக்க அமைப்பு நிரலுக்குத் தரும் சூழல் மாறிகளின் நீளம் மாறினாலே நிரலின் வேகம் மாறக்கூடும். பயனர் பெயரும் அம்மாறிகளுள் ஒன்று. நீண்ட பெயருடைய மாணவியும் குறுகிய பெயருடைய மாணவியும் ஒரே கணினியில் ஒரே நிரலை அளந்து, இருவேறு முடிவுகளை எட்ட வாய்ப்புண்டு. இருவரும் நூறுமுறை அளந்தாலும் அவரவர் முடிவு அவரவருக்கு உறுதியாகவே தோன்றும். எனவே, சூழலையே மாற்றிமாற்றி அமைத்து அளக்க வேண்டும் என்று அவர்கள் வலியுறுத்தினர்.

கற்பவை கற்றபின்...

உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் எளிய பைத்தான் நிரல் ஒன்றைச் சிபுரொபைல் கொண்டு அளந்து, மிகுதியான நேரம் கொள்ளும் செயற்கூற்றைக் குறித்துக்கொள்க. அச்செயற்கூற்றில் தேவையற்ற கணக்கு ஒன்றைச் சேர்த்து மீண்டும் அளக்க. கடிகார நேரத்தில் ஏற்பட்ட உயர்வும் அளவி காட்டும் உயர்வும் பொருந்துகின்றனவா என ஒப்பிட்டு வகுப்பில் எடுத்துரைக்க.