சத்தம் அடங்காத வகுப்பு

கேள்வி: கடந்த ஜூனில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியையாகச் சேர்ந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட் ஒன்பதாம் வகுப்பு. நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. பேசுகிறவர்கள் பெயரை லீடரை விட்டு போர்டில் எழுதச் சொன்னேன். பெயர் வந்ததைப் பெருமையாகச் சொல்லித் திரிகிறார்கள். பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்த்தால் மட்டும் கப்சிப். “ஆரம்பத்திலேயே சிரிச்சுப் பேசிட்டீங்க. ரெண்டு பேரை நாலு சாத்து சாத்துங்க, தானா அடங்கும்” என்கிறார்கள் சீனியர்கள். நானும் அப்படித்தான் மாற வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: அந்த ‘நாலு சாத்து’ விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் சேர்த்தே தடை செய்கிறது; மீறினால் துறை நடவடிக்கை. ‘அது 14 வயது வரைதானே, ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் அதைத் தாண்டியிருப்பார்களே’ என்று யாராவது கணக்குப் பேசினால் காதில் வாங்காதீர்கள். பக்கத்து வகுப்பு சாரையும் இனி கூப்பிடாதீர்கள். அவர் வந்தால் வரும் அமைதி அவரோடேயே போய்விடும்.

ஜேக்கப் கௌனின் என்ற அமெரிக்கக் கல்வி உளவியலாளர் 1970-இல் வகுப்பறை ஒழுங்கு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். குறும்பு செய்யும் பிள்ளையை ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதை ஆராயத்தான் அவர் இறங்கினார். வகுப்புகளை வீடியோ எடுத்துப் பார்த்தால், கண்டிக்கும் விதத்துக்கும் வகுப்பின் அமைதிக்கும் பெரிய தொடர்பே இல்லை. நல்ல ஆசிரியர்கள் வேறுபட்டது அதற்கு முந்தைய நிமிடங்களில்: எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, பாடம் நடுவில் அறுந்து நிற்கவில்லை.

இதை உங்கள் மதியப் பீரியடில் பொருத்திப் பாருங்கள். தட்டு கழுவிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு ஒவ்வொருவராக வருவார்கள். எல்லோரும் வரட்டும் என்று நீங்கள் காத்திருப்பீர்கள். பிறகு திரும்பி நின்று நீளமாக ஒரு கணக்கை எழுதுவீர்கள். அதுவரை அத்தனை பேருக்கும் வேலை ஏது? சத்தம் பிறப்பது அங்கேதான். நாளையிலிருந்து சாப்பாட்டு மணி முடியும் முன்பே போர்டில் ஒரு சுலபமான கணக்கு இருக்கட்டும். முந்தின நாள் நடத்தியதாக இருந்தால் போதும். பெயர் எழுதிய அதே லீடர் இனி கணக்கை எழுதட்டும்! உள்ளே வருகிறவர் உட்கார்ந்ததும் நோட்டைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. இது பழக்கமாகச் சில வாரங்கள் பிடிக்கும். நடுவில் ஒருநாள்கூட விட்டுவிடாதீர்கள்.

கத்துவதை நிறுத்துங்கள். நீங்கள் குரலை ஏற்றினால் அவர்களும் ஏற்றுவார்கள். பேசுகிறவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு பாடத்தைத் தொடருங்கள். பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். நாலு பேர் செய்ததற்கு மொத்த வகுப்பையும் எழுந்து நிற்க வைத்தால், ஒழுங்காக இருந்தவர்களும் அவர்கள் கட்சிக்குப் போய்விடுவார்கள்.

சிரித்ததால் கெட்டது என்பதை நான் நம்பவில்லை. ‘நாளைக்கு ஹோம்வொர்க் இல்லாமல் வந்தால் அப்பாவை அழைத்துவரணும்’ என்று சொல்லிவிட்டு மறுநாள் மறந்துபோவதுதான் கெடுக்கும். செய்ய முடியாத மிரட்டலை வாயில் எடுக்காதீர்கள்.

கணக்கு டீச்சர் என்பதால் இன்னொன்று. நீங்கள் பல்லுறுப்புக்கோவை நடத்தும்போது கடைசி பெஞ்சில் பேசுகிறவனின் நோட்டை வாங்கிப் பாருங்கள். மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் என்ன வரும் என்ற இடத்திலேயே அவன் நின்றிருக்கக்கூடும். நடக்கும் பாடம் எட்டாதவனுக்குப் பேச்சைத் தவிர வேறு பொழுதுபோக்கு இல்லை. எல்லோர் முன்னும் கேட்டு மானத்தை வாங்காமல், வாரத்தில் இரண்டு நாள் பத்து நிமிடம் தனியாக உட்கார வையுங்கள். என் அனுபவத்தில் வகுப்பை ஆட்டிவைத்த பல பையன்கள் அடங்கியது இதில்தான்.

குஜராத்தின் கிஜுபாய் பதேக்கா எழுதிய ‘பகல் கனவு’ தமிழில் கிடைக்கிறது. அதில் வரும் ஆசிரியர் பெரிய திட்டங்களோடு வகுப்புக்குப் போய், முதல் நாளே பிள்ளைகளின் கூச்சலில் தோற்றுப்போகிறார். மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

குழுவாகக் கணக்குப் போட விட்டால் கொஞ்சம் இரைச்சல் வரத்தான் செய்யும். அப்படி ஒரு வகுப்பு வைக்கும் நாளில் ஹெச்.எம்.மிடம் காலையிலேயே சொல்லிவையுங்கள். வராந்தாவில் போகிறவர் வந்து கதவைத் தட்ட மாட்டார்.