சரமும் எழுத்தும்

நுழையும்முன்

பிழைச்செய்தி எதுவுமின்றி இயங்கும் நிரலும் பிழையான விடையைத் தரக்கூடும். தமிழ்ச் சொற்களைக் கையாளும் நிரல்களில் இது நிகழ்வதற்கான காரணத்தையும் அதனைத் தவிர்க்கும் வழியையும் இப்பாடம் விளக்குகிறது.

குறியுருக்கள் வரிசையாக அமைந்த தொகுதியைக் கணினியியலார் சரம் என்பர். ஒரு சொல்லும் சரமே. ஒரு நூல் முழுவதும் சரமே. சரத்தின் முதலிலிருந்து இறுதிவரை ஒவ்வொரு குறியுருவாக எடுத்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்விப்பது மடக்கு. எழுத்துகளை எண்ணுதல், தேடுதல், சொல்லைத் தலைகீழாக்குதல் ஆகியன மடக்கினால் எளிதில் நிறைவேறும்.

ஆங்கிலச் சொற்களில் ஓரெழுத்துக்கு ஒரு குறியெண் அமைவதால் அங்கு இடர்ப்பாடு இல்லை. தமிழின் நிலை வேறு. ‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்துகள் மூன்று. ஆனால், பைத்தான் மொழி அதன் நீளத்தை 5 என்று கூறும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்களாக ஒருங்குறி அதனைச் சேமித்திருப்பதே காரணம். சி++ மொழியின் வழக்கமான சரமோ பைட்டுகளை எண்ணும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் 3 பைட்டுகளைக் கொள்வதால், அங்கு விடை 15 ஆகும்.

எண்ணிக்கை மட்டுமன்று, பொருளும் இதனால் பிறழும். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் மாறாத சொல் ‘விகடகவி’. இவ்வாறு அமையும் செய்யுளை மாலைமாற்று என்பர். திருஞானசம்பந்தர் திருமாலைமாற்று என்னும் பதிகமே பாடியுள்ளார். ‘விகடகவி’யின் இரு முனைகளையும் ஒப்பிடும் மடக்கு, முதலில் வகரத்தையும் இறுதியில் இகரக் குறியையும் காணும். இரண்டும் வேறானவை என்பதால், இது மாலைமாற்றுச் சொல் அன்று என முதல் அடியிலேயே முடிவு செய்துவிடும்.

இலக்கணம் ‘வி’ என்னும் உயிர்மெய்யை வ், இ எனப் பிரிக்கும். ஒருங்குறியோ வ, இகரக் குறி எனப் பிரிக்கும். கணினிக்கு அகரமேறிய மெய்யே அடிப்படை. புள்ளி அதன்மேல் வந்து சேரும் தனிக்குறி. எனவே, மடக்கைத் தொடங்குமுன் குறியெண்களை எழுத்துகளாகத் தொகுத்தல் வேண்டும். அதற்கான வழி எளிது:

1. வெறுமையான எழுத்துப்பட்டியல் ஒன்றை அமைக்க.
2. சரத்திலிருந்து குறியெண்களை ஒவ்வொன்றாக எடுக்க.
3. எடுத்தது உயிர்க்குறியோ புள்ளியோ எனில், பட்டியலின் இறுதி எழுத்தோடு இணைக்க.
4. அன்றெனில், அதனைப் புதிய எழுத்தாகச் சேர்க்க. ஆய்தமும் தனி எழுத்தே.

இவ்வாறு தொகுத்தால் ‘விகடகவி’ வி, க, ட, க, வி என ஐந்தெழுத்தாகும். இப்பட்டியலின்மீது இயங்கும் மடக்கு சரியான விடையைத் தரும். அகரவரிசைப்படுத்தல், சொற்பிழை திருத்தல், யாப்பு ஆய்தல் ஆகிய பணிகளுக்கும் எழுத்தெல்லையை அறிதல் இன்றியமையாதது. கணினி தான் பெற்ற அலகையே எண்ணும். எந்த அலகை எண்ண வேண்டும் என்று தெளிவது நிரலை எழுதுவோரின் கடமையாகும்.

தெரிந்து தெளிவோம்

‘கொ’ என்னும் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் சேமிக்கலாம்; எகரக் குறி, ஆகாரக் குறி என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. ஆகவே, ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவத்திற்கு மாற்றுதல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

‘திகதி’, ‘தேருவருதே’ ஆகியவற்றின் எழுத்துகளையும் குறியெண்களையும் தனித்தனியே எண்ணி அட்டவணைப்படுத்துக.