அறுபதாம் கல்யாணத்துக்கு மறுநாள்

அறுபதாம் கல்யாணத்தில் அப்பா கையில் தாலியைக் கொடுத்துக் கட்டச் சொல்கிறோம், மாலை மாற்ற வைத்துக் கேலி செய்கிறோம். அன்று ராத்திரி அப்பாவுக்குக் கூடத்தில் கட்டில். அம்மா பேரப்பிள்ளைகளோடு உள்ளறையில். இந்த வயசுல இனிமே என்ன என்பது வீட்டாரின் தீர்ப்பு.

நம்பிக்கை: அறுபதோடு எல்லாம் அடங்கிவிடும்.

உண்மை: அமெரிக்காவில் 57 முதல் 85 வயதுவரை உள்ள 3,005 பேரிடம் கேட்டு 2007-ல் வெளியான ஆய்வில், 65–74 வயதினரில் 53 சதவீதம் பேர் முந்தைய ஓராண்டில் உறவு கொண்டிருந்தார்கள். 75-ஐத் தாண்டியவர்களிலும் நான்கில் ஒருவர். துணை இருந்தும் விலகியிருந்தவர்கள் அதிகம் சொன்ன காரணம் ஆணின் உடல்நலக் குறைவு.

நம்பிக்கை: விறைப்பு குறைவது வயசுக் கோளாறு, லேகியம் போதும்.

உண்மை: சர்க்கரையும் ரத்த அழுத்தமும் புகையும் ரத்தக் குழாய்களைக் கெடுக்கும்போது ஆணுறுப்பின் மெல்லிய குழாய்கள்தான் முதலில் திணறும். நெஞ்சுவலிக்குச் சில ஆண்டுகள் முன்பே இந்தக் கோளாறு தலைகாட்டுவதுண்டு. லாட்ஜில் முகாம் போடும் வைத்தியரைத் தேடுமுன் சர்க்கரையையும் இதயத்தையும் சோதித்துவிடுவது நல்லது. விறைப்புக்காக 1998-ல் சந்தைக்கு வந்த சில்டெனாபில் மாத்திரையைக் கடையில் தானாக வாங்குவதும் விபரீதம்தான். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகச் சரியும்.

ஹார்ட் அட்டாக் வந்தவர் மனைவியைத் தொடவே கூடாது என்பதும் பொய். மூச்சு வாங்காமல், நெஞ்சு வலிக்காமல் இரண்டு மாடி ஏற முடிகிறவருக்குப் பெரும்பாலும் தடையில்லை. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.

நம்பிக்கை: மாதவிலக்கு நின்றால் பெண்ணுக்கு ஆசையும் நின்றுவிடும்.

உண்மை: வெகுவாகக் குறைவது ஈஸ்ட்ரோஜன் சுரப்பு. அதனால் பலருக்குப் பிறப்புறுப்பு வறண்டு, உறவு வலிக்கிறது. அவள் வேண்டாம் என்பது வலியை. கணவருக்கோ தன்னையே வேண்டாம் என்பதாகக் கேட்கிறது. வழவழப்புக்கான ஜெல்லும் மருத்துவர் எழுதித்தரும் கிரீமும் தீர்க்கக்கூடிய விஷயம், பல வீடுகளில் வருஷக்கணக்கில் மௌனமாகிவிடுகிறது.

அந்த அமெரிக்க ஆய்விலேயே, 50 வயதுக்குப் பிறகு தாம்பத்திய உறவு பற்றி மருத்துவரிடம் பேசியிருந்த பெண்கள் வெறும் 22 சதவீதம், ஆண்கள் 38. இங்கே மகனோ மருமகளோ ஃபைலோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, அம்மா எப்படி வாய் திறப்பாள்? அடுத்த முறை கூட்டிப்போகும்போது ஐந்து நிமிஷம் வராந்தாவில் இருங்கள். வீடு திரும்பியதும் அந்தக் கூடத்துக் கட்டிலை உள்ளே நகர்த்தலாம்.